அந்த நாற்காலியில் உட்காரலாமா?

கேள்வி:

பி.காம். முடித்துவிட்டுக் கோவையில் எம்.பி.ஏ. முதலாம் ஆண்டு படிக்கிறேன். மூன்றாம் பருவம் தொடங்குவதற்குள் சிறப்புப் பாடம் எதுவென்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஹெச்.ஆர். எடுக்க ஆசை. மனிதர்களோடு பழகப் பிடிக்கும். வகுப்பில் யாருக்கு என்ன சண்டை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. வங்கியில் இருக்கும் மாமா, "ஃபைனான்ஸ் எடு. ஹெச்.ஆர்.னா ரெஸ்யூம் பொறுக்கற வேலை. அதையும் இன்னும் அஞ்சு வருஷத்துல கம்ப்யூட்டரே பண்ணிரும்" என்கிறார். சீனியர் அக்கா ஒருவர் மட்டும் எடுக்கச் சொல்கிறார். "பொண்ணுங்களுக்கு ஈஸியான பேப்பர், மார்க் வரும்" என்று அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டால் எனக்கே பயமாக இருக்கிறது.

அப்பா கேட்டதுதான் மனதில் தைத்துவிட்டது. அவர் ஒரு நூற்பாலையில் நூற்பு இயந்திரம் பார்க்கும் சைடராக 22 வருஷம் இருந்தவர். மில்லில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தார். "எங்கிட்டக் கையெழுத்து வாங்குனவனும் ஹெச்.ஆர்.தான். நீயும் அந்தச் சேர்ல போய் உக்காரப் போறியா கண்ணு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஹெச்.ஆர். எடுக்கலாமா? எடுத்தால் எங்கே தொடங்குவது?

வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்:

மாமாவும் சீனியர் அக்காவும் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். அப்பாவுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சேரில் நான் 32 வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாதிரிக் கையெழுத்துகளும் வாங்கியிருக்கிறேன். தாளில் 'விருப்ப ஓய்வு' என்று அச்சாகியிருக்கும். எதிரே இருப்பவர் முகத்தில் விருப்பம் இருக்காது. ஒரே நாளில் பதினொரு பேரிடம் வாங்கிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனது நினைவிருக்கிறது. அதனால் அப்பா ஏதோ கோபத்தில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் பாடப் புத்தகம் விட்டுவிட்ட பாதியை அவர் சொல்லியிருக்கிறார்.

மறுபாதிக்கு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். அந்தக் காலத்து மில்களில் ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, வெளியே அனுப்புவது எல்லாம் மேஸ்திரி கையில் இருந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். திரு.வி.க.வும் துணை நின்ற சங்கம் அது. பின்னி ஆலைத் தொழிலாளிகள் அங்கே கொண்டுவந்து கொட்டிய புகார்களில் மேஸ்திரியின் கெடுபிடியும் ஒன்று. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-ல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி லேபர் ஆபீசர் என்று ஒரு தனி ஆளிடம் கொடுக்கச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளிகளும் அதற்கு மேலும் இருக்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, தொழிலாளியை மேஸ்திரியிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் போடப்பட்ட நாற்காலி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல மாநிலங்களின் நல அலுவலர் விதிகளில், இந்த அலுவலர் தொழிலாளிமீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது, கோர்ட்டிலோ லேபர் ஆபீஸிலோ தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் பக்கம் நின்று பேசக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் பாதி கம்பெனிகளில் காலையில் கேண்டீன் சாம்பாரைச் சுவை பார்ப்பவரும் மதியம் சார்ஜ் ஷீட் டைப் அடிப்பவரும் ஒருவரேதான். நானும் அப்படித்தான் இருந்தேன். 'நீங்க யார் பக்கம்' என்று யாராவது கேட்டால் நேரான பதில் என்னிடம் இருந்ததில்லை. சம்பளம் தருவது கம்பெனி, அதை மறைக்க முடியாது. ஆனால் கம்பெனி தப்பான காரியம் செய்யப் போகும்போது, 'சார், இது கோர்ட்டில் நிற்காது' என்று சொல்ல அந்த அறையில் ஒருவர் வேண்டும். அதைச் சொல்லும் தகுதி சட்டமும் கணக்கும் தெரிந்தவருக்குத்தான் வரும். மனிதர்களோடு பழகப் பிடிக்கும் என்பது மட்டும் போதாது.

அந்த வாக்கியத்தை எத்தனை இன்டர்வியூவில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஹெச்.ஆர். வேலைக்கு வருகிற எல்லாரும் சொல்வார்கள். உடனே நான் கேட்பது: "உங்களுக்குப் பிடித்த ஒருவரிடம் கடைசியாக எப்போது 'முடியாது' என்று சொன்னீர்கள்?" பெரும்பாலும் அமைதிதான் பதில். வகுப்பில் சண்டையைத் தீர்ப்பது நல்ல குணம், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே இரண்டு பேரும் உங்கள் தோழிகளாகவே வெளியே போகிறார்கள். இங்கே ஒருவர் சம்பளம் இல்லாமல் வெளியே போவார், அடுத்த வாரம் சந்தையில் உங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் முதல் பெரிய தோல்வியைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஒரு தொழிலாளி 17 நாள் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில், இத்தனை நாள் தொடர்ந்து வராவிட்டால் அவரே வேலையை விட்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது போதுமென்று தோன்றியது. பெயரை நீக்கிக் கடிதம் அனுப்பிவிட்டேன். விளக்கம் கேட்கவில்லை, விசாரணை வைக்கவில்லை. அந்த மனிதர் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். லேபர் கோர்ட்டுக்குப் போனார். நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் ஆளைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்காமல் வேலையைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே டி.கே.யாதவ் வழக்கில் சொல்லிவிட்டது. எனக்குத் தெரியாது, தேடிப் படிக்கவும் இல்லை. மறுபடி வேலை, பாதிப் பின்சம்பளம், விடுபடாத சர்வீஸ் என்று தீர்ப்பு வந்தது. அவர் திரும்பி வந்த அன்று கேட்டில் நான்தான் நின்று வரவேற்றேன். "நல்லாயிருக்கீங்களா மேடம்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எம்.பி.ஏ. பாடத்தில் உந்துதல் கோட்பாடுகள் நிறைய வரும். படியுங்கள், பரீட்சைக்கு வேண்டும். ஆனால் என் 32 வருஷத்தில் மாஸ்லோவின் பிரமிடை வைத்து ஒரு பிரச்சினையும் தீர்ந்ததில்லை. தீர்த்து வைத்தவை பெரும்பாலும் எழுத்துப்பிழைகள். சிரிக்காதீர்கள். நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். க.செல்வி என்று ஒருவர் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். கணக்கில் 'கே.செல்வி'. ஆதாரில் 'செல்வி கந்தசாமி'. கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய வங்கிக் கணக்கில் கணவர் பெயரைச் சேர்த்து 'செல்வி ராஜேந்திரன்'. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கும் கணினிக்கு இந்த மூன்று பேரும் மூன்று பெண்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால், பி.எஃப். பணம், குடும்ப ஓய்வூதியம், 7 லட்சம் ரூபாய் வரை வரக்கூடிய காப்பீட்டுத் தொகை எல்லாம் அந்த ஓர் இனிஷியலில் தொங்கி நிற்கும். அப்படி நின்ற ஒரு குடும்பத்துக்காக ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்தது இரண்டரை மாதம். அதற்குப் பிறகு நான் இருந்த எந்தக் கம்பெனியிலும், புதிதாகச் சேர்கிறவரின் ஆதார், பாஸ்புக், மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. 'மேடத்துக்குப் பைத்தியம்' என்று டைம் ஆபீஸ் பையன்கள் பேசிக்கொள்வார்கள்.

இப்போது மாமாவிடம் வருவோம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ரெஸ்யூம் சலிப்பது, இன்டர்வியூ தேதி குறிப்பது, 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று மெயில் போடுவது ஆகிய மூன்றையும் மென்பொருள் ஏற்கெனவே செய்கிறது. ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியில் நாளெல்லாம் போன் பேசும் வேலையைத்தான் நீங்கள் ஹெச்.ஆர். என்று நினைத்திருந்தால், மாமா பேச்சைக் கேளுங்கள். ஆனால் இன்னொரு காட்சியைச் சொல்கிறேன். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் 'ஊதியம்' என்பதற்குப் புது விளக்கம்: வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 7,000, மீதி 13,000 படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்பது 10,000. தாண்டிய 3,000 ஊதியத்தில் சேர, பி.எஃப். பிடிக்க வேண்டிய ஊதியம் 10,000 ஆகிறது. 12 சதவீதம் என்றால் முன்பு 840 ரூபாய் பிடித்த இடத்தில் இப்போது 1,200. கைக்கு வரும் பணத்தில் 360 குறைகிறது.

சம்பள நாளன்று ஷிஃப்ட் முடிந்ததும் நாற்பது பேர் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்கள். "எம்பட காசு எங்க போச்சு?" கம்பெனியும் தன் பங்குக்கு 360 கூடுதலாகப் போடுகிறது, ஆக மாதம் 720 உங்கள் பி.எஃப்., பென்ஷன் கணக்குகளுக்குப் போகிறது, பத்து வருஷம் கழித்து நீங்கள் போகும்போது கிராஜுவிட்டியில் மட்டும் 17,300 ரூபாய்க்கு மேல் கூடும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட இந்த மாதமே 360 வேண்டும் என்கிறவரிடம் சொல்ல வேண்டும். மென்பொருள் அந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடும். ஜன்னலில் வந்து நிற்காது.

அதே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இன்னொரு பேச்சும் நடக்கும். கம்பெனியின் பங்கு ஏறுகிறதே என்று முதலாளி கேட்பார், "படியெல்லாம் வேற பேர்ல மாத்திப் போட்டுக்கலாமா?" கணக்கும் சட்டமும் தெரிந்தால்தான் அங்கே வாய் திறக்க முடியும். உங்கள் பி.காம். இங்கே பெரிய முதல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஹெச்.ஆர்.னா கணக்கு வேண்டாம்' என்று வருகிறவர்களோடு சேராதீர்கள். உங்கள் கல்லூரியில் இரட்டைச் சிறப்புப் பாடம் எடுக்க வழியிருந்தால் ஹெச்.ஆர். உடன் ஃபைனான்ஸையோ ஆப்பரேஷன்ஸையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மாமாவும் பாதி சமாதானம் ஆவார். ஹெச்.ஆர். உடன் மார்க்கெட்டிங் எடுக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. காரணம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சீனியர் அக்காவுக்கு ஒரு வரிதான். நான்கு வருஷம் பத்து மாதம் தொடர்ந்து வேலை செய்துவிட்டு ஒருவர் விலகுகிறார், கிராஜுவிட்டி உண்டா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகவில்லை, கிடையாது என்பார். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நம் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய தொகுப்பில், காலவரையறை ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு ஒரு வருஷத்திலேயே உண்டு. ஈஸியான பேப்பர்!

பெண்களுக்கான வேலை என்பதும் பாதிக் கதைதான். நான் சேர்ந்தபோது ஆலைகளில் ஹெச்.ஆர். என்றால் ஆண்கள், அதிலும் மீசை வைத்த ஆண்கள்; சிலர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஐ.டி. வந்தபிறகுதான் இது பெண்கள் கூட்டமாக உட்காரும் துறை ஆனது. ஆனால் ஓர் இடத்தில் பெண்ணாக இருப்பது வெறும் தற்செயல் இல்லை. 2013-ன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதியாவது பெண்களாக இருக்க வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். திருப்பூரிலோ திண்டுக்கல்லிலோ ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண் முதலில் பேசத் துணிவது உங்களிடம்தான். அவர் பேசியதை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இரண்டு நாளில் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும்.

எங்கே தொடங்குவது என்றால், தயங்காமல் சொல்வேன்: டைம் ஆபீஸ். பெருந்துறை சிப்காட்டோ சூலூர்ப் பக்கமோ ஸ்ரீபெரும்புதூரோ, இயந்திரச் சத்தம் கேட்கிற ஓர் இடம். கண்ணாடி அறை, ஏ.சி., பெங்களூரு எல்லாம் அப்புறம் போகலாம், ஆலையிலிருந்து ஐ.டி.க்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எதிர்ப்பக்கமாக வந்தவர்கள் அரிது. பஞ்ச் பதிவைச் சரிபார்ப்பது, ஓவர்டைம் பதிவது, இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75, கம்பெனி பங்கு 3.25 சதவீதம் என்று மாதாமாதம் கட்டுவது எல்லாம் அலுப்பான வேலை. ஆறு மாதம் அலுத்துப்போங்கள். கோடை விடுமுறை புராஜெக்டுக்கு 'ஊழியர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு' என்று நூறு பேரிடம் படிவம் நிரப்பி வாங்கிவருவது வழக்கம். உங்கள் வழிகாட்டி ஒப்புக்கொண்டால், அதற்குப் பதில் ஒரு கம்பெனியின் ஒரு மாதத்துச் சம்பளப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பின்தொடர்ந்து எழுதுங்கள். வேலைக்கு எடுக்கிறவர் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

திருப்பூர் தனி உலகம். 2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட் பிடி இறுகிவிட்டது. பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். என்றால் இன்று பாதி வேலை காம்ப்ளையன்ஸ்: எமர்ஜென்சி கதவு பூட்டியிருக்கிறதா, ஓவர்டைம் பதிவு சரியா, வயதுச் சான்று இருக்கிறதா என்று ஆடிட்டர் வந்து பார்ப்பார், தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். நல்ல பள்ளிக்கூடம் அது. ஆனால் எங்காவது உங்களிடம் இரண்டாவது ஓவர்டைம் பதிவேடு ஒன்று எழுதச் சொன்னால், அன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். பிடிபடும்போது அதில் இருப்பது உங்கள் கையெழுத்தாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இந்தி கற்றுக்கொள்ளுங்கள். அரசியல் பேசவில்லை. கொங்கு மண்டலத்து ஆலைகளில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளிகள் இல்லாத ஷிஃப்ட் கிடையாது. அவர்களை ரயிலேற்றிக் கூட்டிவருவது காண்ட்ராக்டர், தங்க வைப்பது அவர், சம்பளத்தில் பிடிப்பதும் அவர். விட்லி கமிஷன் வெளியே அனுப்பச் சொன்ன மேஸ்திரி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூரிலும் கோவையிலும் ஆட்கள் மூட்டை கட்டினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் தங்கும் அறைகளுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஹெச்.ஆர். ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு அவர் பொன். மொழிபெயர்க்கக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் காண்ட்ராக்டரைப் பற்றிய புகார் உங்களுக்கு எப்படி வந்து சேரும்?

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2009-ல் கோவையில், 2012-ல் ஹரியானாவின் மானேசரில், தொழிற்சாலைக்குள் நடந்த மோதலில் மனிதவள அதிகாரிகள் உயிரையே இழந்தார்கள். தொழிலாளிகள் பலர் வருஷக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். இவை அபூர்வம்தான். ஆனால் அந்த நிலைக்கு வருமுன் மாதக்கணக்கில் பேச்சு நின்றுபோயிருக்கும். எனக்குப் பயம் அந்த மௌனத்தைப் பார்த்துத்தான். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் முட்டிக்கொண்டு நின்ற முக்கியக் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிப்பது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. சங்கம் என்றாலே எதிரி என்று சொல்லிக் கொடுக்கும் மேலாளரிடம் நீங்கள் வேலை கற்க நேரலாம். நான் வேலை கற்றவர் வேறு மாதிரி. சங்கத் தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவார், மறுநாள் லேபர் ஆபீஸில் அதே தலைவரோடு நாலு மணி நேரம் மல்லுக்கு நிற்பார், சாயந்திரம் 12(3) சமரச ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். முதல் சம்பளத்தில் ஃபைனான்ஸ் தோழி உங்களைவிட முன்னால் நிற்க வாய்ப்பு அதிகம். இடங்களும் குறைவு: ஐநூறு பேர் வேலை செய்யும் ஆலையில் ஹெச்.ஆர். நாற்காலி நான்கோ ஐந்தோதான் இருக்கும். புதிய தொகுப்பு நல அலுவலர் கட்டாயம் என்ற வரம்பை 250 தொழிலாளிகளாகக் குறைத்திருக்கிறது. மாநில விதிகளோடு அது நடைமுறைக்கு வரும்போது சிறிய ஆலைகளிலும் இடம் திறக்கும். அந்தப் பதவிக்கு எம்.பி.ஏ. மட்டும் போதும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தின் தொழிலாளர் மேலாண்மைப் பட்டங்களும் தொழிலாளர் நிர்வாகப் பட்டயமும் நல அலுவலர் விதிகளில் பெயர் சொல்லி ஏற்கப்பட்டவை. வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பட்டயத்தைப் படித்து முடித்தவர்கள் நிறையப் பேர். யு.ஜி.சி. நெட் தேர்வில் 55-ஆம் எண் பாடம் நம்முடையது. சில பொதுத்துறை நிறுவனங்கள் மனிதவள அதிகாரிகளை எடுக்க அந்த மதிப்பெண்ணைப் பார்த்திருக்கின்றன. பி.எஃப். அலுவலகத்தின் அமலாக்க அதிகாரி பதவிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது. 1949-ல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ., மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் ஹெச்.ஆர். படித்தவர்களின் கதை வேறு, அவர்கள் நுழையும் வாசலே வேறு. நீங்கள் ஏற்கெனவே ஒரு கல்லூரியில் இருப்பதால் அந்த ஏக்கத்தைத் தொடங்கி வைக்க விரும்பவில்லை.

எடுக்கலாமா என்றால், என் கணிப்பு எடுக்கலாம் என்பதே. நீங்கள் சண்டை தீர்ப்பவர் என்பது அதற்குக் காரணமில்லை. அப்பாவின் கேள்விக்குப் பதில் தெரியாமல் தவிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான். அந்தக் கேள்வி ஒருநாளும் உறுத்தாதவர்கள் இந்த வேலையில் நன்றாகவே முன்னேறுகிறார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்வதுதான் கஷ்டம்.

படிவத்தில் எழுதிக் கொடுப்பதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்காருங்கள். பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் எல்லாம் இருக்கும்: கடைசி மாதத்துச் சம்பளச் சீட்டு, அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல், செட்டில்மென்ட் கணக்கு. சீட்டில் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டுங்கள். அகவிலைப்படி என்பது அரசு ஆபீஸ் பேச்சு. மில்காரர்கள் இன்னும் பஞ்சப்படி என்றுதான் சொல்வார்கள், அப்பாவிடம் அப்படியே கேளுங்கள். கூட்டிய தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை 22-ஆல் பெருக்குங்கள். அது கிராஜுவிட்டி. செட்டில்மென்ட் தாளில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். விருப்ப ஓய்வுத் தொகை என்று கொடுத்தது இதற்கு மேலேயா, இதையும் உள்ளே வைத்தா என்று பாருங்கள். புரியாத வரியை அவரிடமே கேளுங்கள்; தன்னிடம் கையெழுத்து வாங்கிய தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு அன்று யாராவது வாசித்துக் காட்டினார்களா என்பதையும் கேளுங்கள்.

கணக்கு இடித்தால் தாமதிக்காமல் எனக்கு எழுதுங்கள். அவர் எந்த வருஷம் வெளியே வந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலக்கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் காட்டி மனுப் போட லேபர் ஆபீஸில் வழி இருக்கிறது.